உப்புக் காற்றில் கிளச் கேபிள்: மன்னார் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியில் விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் என்று ஊர்கள் தள்ளித் தள்ளித்தான் வரும். அந்த இடைவெளிகளில் கிளச் கேபிள் அறுந்தால் கூப்பிடு தூரத்தில் கராஜ் இருக்காது. பெரிய கருவி எதுவும் இல்லாமல் வண்டிக்காரரே செய்து முடிக்கக்கூடிய வேலைகளில் கேபிள் மாற்றுவதும் ஒன்று. ஆனாலும் அதைப் பழகி வைத்திருப்பவர்கள் குறைவு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த 5 வருடமும் பழைய வண்டிகளே ஓடின. இன்றும் வீதியில் பெரும்பாலும் அவைதான். வயதான வண்டியில் கேபிளும் வயதானதாகவே இருக்கும்.

## கேபிளா, ஹைட்ரோலிக்கா?

இடது கைப்பிடியில் உள்ள லீவரைப் பாருங்கள். அதிலிருந்து கறுப்பு உறை போட்ட கம்பி இறங்கி இஞ்சின் பக்கம் போனால் அது கேபிள் கிளச். சிடி 100, டிஸ்கவர், பல்சர், ஸ்ப்ளெண்டர் எல்லாம் இந்த வகை. லீவரோடு ஒட்டி ஒரு சிறிய ஒயில் கிண்ணமும் அதிலிருந்து தடித்த குழாயும் போனால் அது ஹைட்ரோலிக். அதைப் பெரும்பாலும் பெரிய இஞ்சின் வண்டிகளில்தான் காணலாம். ஹைட்ரோலிக்கைக் கேபிளாக மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். முதலில் எல்லோருக்கும் தேவையான வேலை.

## இங்கே கேபிள் ஏன் சீக்கிரம் போகிறது?

கேபிளின் உள்ளே இருப்பது பல மெல்லிய உருக்கு இழைகளை முறுக்கிய கம்பி. துரு பிடிக்காமலிருக்க அதில் நாகப்பூச்சு இருக்கும். உப்பு அந்தப் பூச்சை அரித்துவிடும். அதோடு, உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மழை ஒரு துளி விழாத நாளிலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

மழை குறைவாக இருப்பதே இங்கே கெடுதல் என்று சொல்வேன். மன்னாருக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மே தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் காற்று கடல் துமியையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். கழுவிவிட மழை வராது. இரண்டு பக்கமும் கடலாக இருக்கும் தாம்போதியைத் தினமும் கடக்கும் வண்டியில் இந்த உப்புப் படை படையாக ஏறும். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலைப் பக்கம் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறவர்களின் வண்டியில் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வடியும். கரையோர மணலில் ஏறி இறங்கும்போது கிளச்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஓட்டுவதும் கேபிளுக்கு மேலதிக வேலை.

அறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். லீவருக்குள் கம்பியின் நுனியில் உலோகக் குண்டு ஒன்று இருக்கும், நிப்பிள் என்பார்கள். லீவரைப் பிடிக்கும்போது அந்தக் குண்டு தன் குழிக்குள் மெல்லச் சுழல வேண்டும். துருவும் மணலும் இறுகி அது சுழலாமல் நின்றால், ஒவ்வொரு பிடிக்கும் கம்பி குண்டின் கழுத்தில் மடங்கும். இழைகள் ஒன்றொன்றாக முறியும். லீவருக்குக் கீழே விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள்ளுப்போல ஓர் இழை குத்தினால் அந்தக் கேபிளின் காலம் முடிந்தது. ஒயில் விட்டுக் காப்பாற்ற முடியாது.

## வாங்கும்போது

பழைய கேபிளைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் மாடலுக்கு மாடல் நீளம் வேறுபடும். உறையின் நீளம், உறைக்கு வெளியே தெரியும் கம்பியின் நீளம், இரு முனைக் குண்டுகளின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கம்பியை உறைக்குள் இழுத்துத் தள்ளிப் பாருங்கள், எங்கும் சிக்கக்கூடாது. விலை மலிந்த கேபிளில் முதலில் மோசமாக இருப்பது குண்டு வார்ப்பு. அதில் வெடிப்போ சரிவோ தெரிந்தால் வாங்காதீர்கள்.

## தேவையான சாமான்

10, 12, 14 இலக்க ஸ்பனர்கள், ஒரு குறடு, ஒரு திருப்புளி, இரண்டு மீற்றர் நைலோன் நூல், கொஞ்சம் இஞ்சின் ஒயில், கிரீஸ், பழந்துணி.

## படி 1: கழற்றுதல்

இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எதையும் தொடமுன் கேபிள் போகும் வழியைத் தொலைபேசியில் படம் எடுங்கள். எந்தக் கம்பிக்கு உள்ளே, எந்த வளையத்துக்கு ஊடாகப் போகிறது என்பது பிறகு நினைவில் நிற்காது.

லீவருக்கு முன்னால் இருக்கும் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகுங்கள். பிறகு கீழே, இஞ்சின் பக்கத் தாங்கியிலுள்ள லொக் நட்டைத் தளர்த்துங்கள். இப்போது கேபிள் தொய்யும். இஞ்சின் மூடியிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் கிளச் கையைக் குறட்டால் மெதுவாக முன்னே தள்ளிக் குண்டைக் கழற்றுங்கள்.

மேலே அட்ஜஸ்டர், லொக் நட், லீவர் தாங்கி மூன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்படி திருப்பினால் கம்பி பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். வெட்டு நேராக வரவில்லை என்றுதான் அர்த்தம்.

## படி 2: நூல் கட்டி இழுத்தல்

பழைய கேபிளின் கீழ் முனையில் நைலோன் நூலைக் கட்டுங்கள். மேலிருந்து கேபிளை இழுத்து எடுக்கும்போது நூல் அதே வழியில் ஏறி வரும். பிறகு மேலே வந்த நூல் முனையைப் புதிய கேபிளின் கீழ் முனையில் கட்டிக் கீழிருந்து இழுங்கள். பெற்றோல் டாங்கியைக் கழற்றாமல் பல வண்டிகளில் வேலை முடியும்.

## படி 3: ஒயிலும் கிரீஸும்

புதிய கேபிளை நிமிர்த்திப் பிடித்து, மேல் முனையில் துளித்துளியாக ஒயில் விட்டுக் கம்பியை ஏற்றி இறக்குங்கள். கீழ் முனையில் ஒயில் கசியும்வரை விடலாம். உள்ளே வழுக்கும் பிளாஸ்ரிக் குழாய் வைத்த கேபிள்களும் உண்டு. ஒயில் வேண்டாம் என்று பொதியில் போட்டிருந்தால் அதை மதியுங்கள். உறைக்குள் கிரீஸ் அடைக்க வேண்டாம். மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு இறுகிவிடும்.

கிரீஸ் போக வேண்டிய இடம் இரு முனைக் குண்டுகளும் லீவர் போல்ட்டும். லீவரைக் கழற்றி, போல்ட்டையும் குண்டுக் குழியையும் துணியால் துடைத்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் பூசி மாட்டுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

## படி 4: மாட்டி அளவு வைத்தல்

கீழ் முனையை முதலில் கொழுவி, பிறகு மேல் முனையை லீவரில் போடுங்கள். கேபிள் சைலன்சர் குழாயில் படக்கூடாது. எங்கும் கூர்மையாக மடங்கவும் கூடாது.

லீவரைப் பிடிக்கத் தொடங்கியதும் முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். லீவர் நுனியில் அளந்தால் பல வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர். உங்கள் வண்டியின் கைநூலில் சரியான அளவு இருக்கும். பெரிய அளவைக் கீழ் அட்ஜஸ்டரிலும், சின்னத் திருத்தத்தை லீவர் பக்கத்திலும் வையுங்கள். கடைசியில் லொக் நட்டுகளை இறுக்க மறக்காதீர்கள்.

வெறும் ஆட்டமே இல்லாவிட்டால் கிளச் தட்டுகள் எப்போதும் கொஞ்சம் வழுக்கும். இஞ்சின் கத்தும், வண்டி ஓடாது, தட்டு எரியும். ஆட்டம் கூடிப்போனால் கியர் விழும்போது கடகடக்கும், நியூட்ரல் கிடைக்காது.

## படி 5: சோதனை

நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டு ஹாண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். லீவரின் ஆட்டம் எந்தப் பக்கத்திலும் மாறக்கூடாது. மாறினால் கேபிள் போகும் வழி பிழை. பின் ரயர் நிலத்தில் படாமல் இருக்கும் நிலையில் கிளச்சைப் பிடித்து முதலாம் கியர் போடுங்கள். பின் பிறேக்கை இலேசாக மிதித்ததும் சில்லு நிற்க வேண்டும், இஞ்சின் நிற்கக்கூடாது. கையை ரயருக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பிறகு ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போய்வந்து, சூடேறியதும் ஆட்டத்தை மறுபடி பாருங்கள்.

## ஹைட்ரோலிக்கைக் கேபிளாக மாற்ற நினைப்பவர்களுக்கு

முதலில் என் தீர்ப்பு: சீல் கிட் கிடைத்தால் மாற்றாதீர்கள். லீவர் தளர்ந்து உள்ளே போவதும் இஞ்சின் பக்கம் ஒயில் கசிவதும் பெரும்பாலும் சீல் போனதன் அறிகுறி. சீலை மாற்றி, உரிய ஒயிலை நிரப்பிக் காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது. சில வண்டிக்குப் பிறேக் ஒயில், சிலவற்றுக்கு மினரல் ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை விட்டால் சீல் ஊதிக் கெட்டுவிடும். கிண்ண மூடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்பு குழிகுழியாகத் தின்று, மாற்றுச் சாமானும் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே மாற்றத்தை யோசியுங்கள். அதே இஞ்சினுக்குக் கேபிள் வைத்த மாடல் ஏதும் வந்திருந்தால் அதன் மூடி, கை, தாங்கியைத் தேடிப் பிடிப்பதே பாதுகாப்பான வழி.

அப்படி எதுவும் இல்லாவிட்டால் கணக்கு வேண்டும். ஹைட்ரோலிக்கில் கீழ்ச் சிலிண்டர் ஒரு தள்ளுகோலை நேராகத் தள்ளும். கிளச் முழுவதும் விடுபட அந்தக் கோல் எவ்வளவு தள்ளப்பட வேண்டும் என்று முதலில் அளக்க வேண்டும். உதாரணமாக, கோல் 2 மில்லிமீற்றர் நகர வேண்டும், புதிய லீவர் கேபிளை 10 மில்லிமீற்றர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 5-க்கு 1. சுழலச்சிலிருந்து கோலைத் தள்ளும் இடம் 10 மில்லிமீற்றர் தூரத்தில் என்றால், கேபிள் கொழுவும் இடம் 50 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்க வேண்டும். லீவர் இலகுவாக இருக்கட்டும் என்று கையை நீட்டினால் கோலின் நகர்வு குறையும். தட்டுகள் முழுவதும் பிரியாது. புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேபிள் உறையைத் தாங்கும் தகடு வளையாததாக இருக்க வேண்டும். கோலைச் சுற்றியுள்ள ஒயில் சீலை அசைக்கக்கூடாது. இந்தக் கடைசல், வெல்டிங் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அளவெடுப்பதை நீங்கள் கூட நின்று செய்யுங்கள். மாற்றிய பிறகு ஒரு பழக்கமும் மாற வேண்டும். ஹைட்ரோலிக்கில் தட்டுத் தேய்மானம் தானாகச் சரியாகும். கேபிளில் நீங்கள்தான் ஆட்டத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். வெளியே எடுத்த பழைய ஒயில் கடலுக்குக் கேடு, பிறேக் ஒயிலென்றால் பெயின்ட்டையும் உரிக்கும். மணலில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

## வழியில் அறுந்தால்

இஞ்சினை நியூட்ரலில் இயக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடும் வேகத்தில் முதலாம் கியரைத் தட்டலாம். மேல் கியருக்கு அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டுத் தட்டலாம். நிறுத்துமுன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். பஸ்ஸும் லொறியும் வரும் இடத்தில் இதை முயலாதீர்கள். ஓரமாக உருட்டிப் போங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புதிய கேபிள் மாட்டும்போதே இன்னொன்றையும் ஒயில் விட்டு அதன் பக்கத்திலேயே ஓட்டி, இரு முனைகளையும் பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கட்டிவிடுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றிக் கொழுவினால் போதும். மடுத் திருவிழாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சோளகக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் லீவர் பக்கத்தையும் கிளச் கைப் பக்கத்தையும் கழுவி, காய்ந்ததும் குண்டுகளுக்குக் கிரீஸ் வையுங்கள். கேபிள் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.