இடுக்கண் அழியாத ஆட்டவீரர்

உழவனது ஏர் முறிந்தால் அவன் வேறோர் ஏர் செய்துகொள்ளலாம். தச்சனது உளி மழுங்கினால் அதனைத் தீட்டிக்கொள்ளலாம். ஆனால், கால்பந்தாட்ட வீரனுக்கு அவனுடைய காலே கருவி. அது முறியுமாயின் அவன் யாது செய்வான்? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக அளித்தவர் ஒருவர் உண்டு. அவர் பிரேசில் நாட்டு ரொனால்டோ ஆவார். போர்ச்சுகல் நாட்டு வீரர் ஒருவரும் இப்பெயரால் புகழ் பெற்றிருத்தலின், இவரை நாட்டின் பெயரோடு சேர்த்து வழங்குதல் மரபாயிற்று.

ரொனால்டோ, ரியோ டி ஜனைரோ நகரின் புறப்பகுதியில் 1976ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தார். குடும்பம் எளியது. பயிற்சிக்குச் சென்று வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் பெருங்கழகம் ஒன்றிற் சேரும் வாய்ப்பினை இளமையில் இழந்தார் என்பர். எனினும், சிறிய அரங்கினுள் ஆடப்படும் ஐவர் பந்தாட்டம் அவருக்கு நல்லாசிரியனாய் அமைந்தது. குறுகிய இடத்திற் பலர் சூழ நிற்கையிலும் பந்தினைக் காலைவிட்டு அகலாமற் காக்கும் திறனை அவ்வாட்டத்தால் அவர் எய்தினார்.

1993ஆம் ஆண்டில் குருசேரோ என்னும் கழகத்தில் ஆடத் தொடங்கிய அவர், அடுத்த ஆண்டே உலகக் கோப்பைக்கான பிரேசில் அணியில் இடம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 17. பிரேசில் கோப்பையை வென்றது. ஆயினும் களத்தில் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

பிரேசில் நாடு ஆட்டக்காரர்களை ஈன்றெடுக்கும் தாய் எனின், ஐரோப்பா அவர்களுக்குப் பொருளும் புகழும் தரும் சந்தை எனலாம். செல்வம் மிக்க கழகங்கள் அங்கே பல உள. ஆகவே, ரொனால்டோவும் 1994இல் கடல் கடந்து ஹாலந்து நாட்டின் பி.எஸ்.வி. கழகத்தை அடைந்தார். மொழியும் உணவும் குளிரும் புதியன. இரண்டாம் ஆண்டில் முழங்கால் நோய் அவரை நெடுநாள் வருத்தியது. ஆயினும், அங்கு ஆடிய 57 ஆட்டங்களில் அவர் 54 கோல் அடித்தார்.

1996இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கு இருந்தது ஓராண்டே. அடித்த கோல்களோ 47. காம்பொஸ்தெலா அணிக்கு எதிராக நடுக்களத்திற் பந்தினைப் பெற்று, சட்டையைப் பற்றி இழுத்தோரையும் உதறிக்கொண்டு ஓடி அவர் அடித்த கோலை இன்றும் வியந்து பேசுகின்றனர். விரைவும் வலிமையும் பந்தின்மீது ஆட்சியும் ஒருங்கே அமைந்த அத்தகைய வீரரை அதற்கு முன் கண்டிலோம் என்று முதியோரும் கூறினர். 1997இல் இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தை அடைந்த அவருக்கு, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய பொற்பந்து விருதும் அவ்வாண்டே கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 21.

புகழின் உச்சியில் நின்ற அவரைத் துன்பம் தொடர்ந்தது. 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தன்று அவருக்கு வலிப்பு நோய் கண்டது. எனினும் அவர் ஆடினார். பிரேசில் மூன்று கோல்களால் தோற்றது. 1999ஆம் ஆண்டு நவம்பரில், முழங்காற் சில்லினைக் கீழெலும்போடு பிணிக்கும் தசைநாண் சிதைந்தது. பாரிசு நகரில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, ஏறத்தாழ ஐந்து திங்கள் கழிந்தபின், 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உரோம் நகரில் மீண்டும் களம் புகுந்தார். ஆடியது சில நிமிடங்களே. எவரும் தாக்காதிருக்கவே அந்நாண் முழுதும் அறுந்தது. அவர் அலறி வீழ்ந்ததைக் கண்ட எதிரணியினரும் கலங்கினர்.

இனி அவர் ஆடார் என்றே பலர் எண்ணினர். அவரோ மடக்க இயலாத காலைச் சிறிது சிறிதாக மடக்கப் பழகினார், குழந்தை நடை பயில்வதுபோல் நடந்தார், பின்னரே ஓடினார். பார்ப்போர் கைதட்டாத அப்பயிற்சி ஓராண்டிற்கு மேல் நீடித்தது.

2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிக்குப் பயிற்றுநர் ஸ்கொலாரி அவரைத் தேர்ந்தபொழுது ஐயுற்றோர் பலர். அப்போட்டியில் அவர் 8 கோல் அடித்தார். சூன் 30ஆம் நாள் ஜப்பானின் யோகஹாமா நகரில் ஜெர்மனிக்கு எதிராகப் பிரேசில் பெற்ற இரு கோல்களும் அவருடையனவே. ஜெர்மானியக் காவலர் ஆலிவர் கான் கைநழுவ விட்ட பந்தினைத் தொடர்ந்து சென்று முதற்கோலை அடித்தார். தோழர் ரிவால்டோ தொடாது விட்ட பந்தினைத் தக்க இடத்தில் நின்று பெற்று மற்றொன்றை அடித்தார். மாணவர்களே, இதனை நன்கு நோக்குங்கள். இவ்விரண்டும் காம்பொஸ்தெலாவில் அடித்தது போன்ற நெடிய ஓட்டத்தால் விளைந்தவை அல்ல. இடமும் காலமும் அறிந்து நின்றமையால் விளைந்தவை. இழந்த விரைவை எண்ணி ஏங்காமல், எஞ்சிய திறனைக் கூர்மையாக்கிக்கொண்டார். அதுவே அவர் பெற்ற வெற்றி.

அவ்வாண்டே அவர் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்திற்குச் சென்றார். நோயுற்ற காலத்துத் தம்மைத் தாங்கிய கழகத்தை விட்டு நீங்கினாரே என்று இன்டர் அன்பர்கள் மனம் கசந்தனர். அக்கசப்பினைப் பிழையென்று தள்ளிவிட இயலாது. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டர் நகரில் அவர் மூன்று கோல் அடித்து வெளியேறியபொழுது, எதிரணியின் அன்பர்களே எழுந்து நின்று கைதட்டினர். பகைவரும் போற்றுதல் அரிய பரிசன்றோ?

உலகக் கோப்பைப் போட்டிகளில் அவர் அடித்த கோல்கள் மொத்தம் 15. அவ்வெண்ணிக்கை, 2014இல் ஜெர்மனியின் குளோசே அதனைக் கடக்கும்வரை தலைசிறந்ததாய் விளங்கியது. ஆயினும், ஐரோப்பியக் கழகங்களின் தலையாய கோப்பை மட்டும் அவர் கைக்கு எட்டவேயில்லை. 2008இல் ஏ.சி. மிலான் அணிக்கு ஆடுகையில் மற்றொரு முழங்காலின் தசைநாணும் அறுந்தது. அப்பொழுதும் அவர் எழுந்தார். தாய்நாடு திரும்பிக் கொரிந்தியான்சு கழகத்திற்கு ஆடினார். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் உடலிடம் தாம் தோற்றதாக வெளிப்படையாக உரைத்து, கண்ணீரோடு ஆட்டத்தைத் துறந்தார்.

வீழ்ந்தவிடத்தே கிடவாமல் எழுதல் ஆண்மை. எழ இயலாத நாள் வருங்கால் அதனை மறையாது ஒப்புக்கொள்ளுதல் அறிவு. இவ்விரண்டும் பொருந்திய வாழ்க்கை, விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோர்க்கே அன்றி, கல்வியிலும் பிற முயற்சிகளிலும் இடர்ப்படும் எவர்க்கும் துணையாகும்.