கரை காக்கும் சவுக்கு

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுக்காரரின் ஆட்சியினின்று 1954ஆம் ஆண்டில் விடுபட்ட இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியைச் சார்ந்த ஒரு மாவட்டமாகும். மேற்கே நெல் விளையும் வண்டல் நிலம்; கிழக்கே வெண்மணற் கரை. கடலினின்று எழும் உப்புக்காற்று வயலையும் குடிலையும் அடையுமுன் அதன் வேகத்தைத் தணிப்பன கரையோரத்துச் சவுக்குத் தோப்புகள்.

சவுக்கு இம்மண்ணுக்கே உரிய மரம் அன்று. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகளே அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைவண்டிகளுக்கு விறகு வேண்டிச் சோழமண்டலக் கரையில் அது மிகுதியாகப் பயிரிடப்பட்டது. ஊசி போன்று தோன்றும் அதன் பசிய உறுப்புகள் இலைகள் அல்ல, மெல்லிய கிளைகளே. உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களில் சிறு செதில்களாக ஒட்டியிருக்கும். உரமற்ற மணலிலும் இம்மரம் தழைப்பதற்குக் காரணம் உண்டு. பிராங்கியா என்னும் நுண்ணுயிர் இதன் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு உணவாக்கித் தருகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் மீனவர் குப்பங்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கவர்ந்தது. கரையோர மரங்கள் ஊரைக் காக்குமா என்னும் வினா அப்போது எழுந்தது. கடலூர்க் கரையில் நிகழ்த்தப்பெற்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று கூறியது. நிலத்தின் உயரமும் கடலினின்று உள்ள தொலைவும் அதற்குக் காரணமாகலாம் என வேறு அறிஞர் மறுத்தனர். பிற வகையில் ஒத்தவற்றை ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது என்பதை இவ்வாதம் உணர்த்துகிறது.

மரம் வளர்ப்பு ஆராய்ச்சியின் அடிப்படையும் அதுவே. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்ளஸ் பிர் என்னும் ஊசியிலை மரம் இருநூறு அடிக்கு மேலும் ஓங்கி வளர்கிறது. 1912ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டு வனத்துறையினர் பல இடங்களில் அதன் விதைகளைத் திரட்டி, நாற்றுகளை அருகருகே நட்டு, அளந்து வரலாயினர். விதை எங்கிருந்து வந்தது என்பதும் மரத்தின் வளர்ச்சியை நிருணயிக்கும் என்பது அதனால் விளங்கிற்று. விதைத்தவர் மறைந்த பின்னரும் அளவை தொடர்ந்தது.

இம்முறையே தமிழகத்திலும் பின்பற்றப்பட்டது. கோயம்புத்தூரில் 1988இல் தோன்றிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம், 1990களில் பல நாட்டுச் சவுக்கு விதைகளை ஒரே நிலத்தில் பயிரிட்டுச் சோதித்தது. பின்னர்ச் சிறந்த மரங்களினின்று புதிய இரகங்களையும் உருவாக்கியது.

நல்ல விதை மட்டும் போதாது. சிறகுள்ள அச்சிறு விதைகளை மேட்டுப்பாத்தியில் தூவி, மெல்லிய மணலும் வைக்கோலும் பரப்பிப் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். எறும்புகள் அவற்றைச் சுமந்து செல்லாதவாறு காத்தலும் வேண்டும். முளைத்த நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றி, வேர் முடிச்சுகளை அரைத்துக் கலந்த நீரை ஊற்றுவர். நடுவதற்குச் சில நாள் முன்னரே நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்குவர்.

நட்ட பின் செய்யும் பணி, நட்டதன் நோக்கத்திற்கேற்ப மாறும். சாரக்கம்பு வேண்டுவோர் நெருக்கி நடுவர். மரங்கள் ஒளியை நாடி நேராக உயரும். அவர்கள் கீழ்க்கிளைகளையும் கவாத்துச் செய்வர். காற்றைத் தடுக்கும் தோப்பிற்கோ கீழ்க்கிளைகள் இன்றியமையாதவை. அவற்றை வெட்டினால் காற்று அடிவழியே புகுந்து மணலை வயலில் கொட்டும். காற்றை முற்றிலும் மறிக்கும் வேலியும் தன் பின்னே சுழற்காற்றை எழுப்பும். ஓரளவு ஊடுருவவிடும் தோப்பே நெடுந்தொலைவு பயன் தரும்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் சவுக்கு விலை பெறும். உழவனுக்கு அவ்வருவாய் தேவை. ஊருக்கோ தோப்பு தேவை. வெட்டிய அடியிலிருந்து சவுக்கு நன்கு துளிர்ப்பதில்லை. ஆகவே முழுத்தோப்பையும் ஒருங்கே வெட்டினால் கரை பல பருவங்கள் வெறுமையாய்க் கிடக்கும். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே நடுதலே இரு தேவைகளையும் நிறைவேற்றும் வழி. அலைவாய்க்கு அருகிலுள்ள மணலை மட்டும் நடாமல் விடுதல் நன்று; கடலாமைகள் முட்டையிடும் இடம் அது. அடர்ந்த மரங்களும் வேர்களும் அவற்றிற்குத் தடையாகும்.

மரம் நடுதல் ஒரு நாட்பணி. எம்மரத்தை, எங்கு, எதற்காக நடுவது என்று ஆராய்ந்து, நட்டதைப் பேணுதல் பல்லாண்டுப் பணி. கரையைக் காப்பது இப்பல்லாண்டுப் பணியே.