முன் சக்கரங்களைச் செவ்வை செய்தல்

ஆரணியில் அச்சு என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்கும். பட்டு நெய்வார்க்கு அது பாவிழைகளை வரிசைப்படுத்தி ஊடையை அடித்துச் சேர்க்குங் கருவி. லாரிப் பட்டறையார்க்கோ சக்கரங்களைத் தாங்கும் எஃகு உத்தரம். தறியச்சுக் கோணின் புடவை கெடும். லாரியின் அச்சுக் கோணினாலோ ஓட்டுநர் உயிர்க்கே ஏதம் விளையும். ஆகலின், இவ்வூர் அரிசி மூட்டைகளைச் சுமக்கும் பழைய லாரிகளில் முன்புறத்து வில்பட்டைகளையும் கிங் பின்களையும் புதுப்பித்தபின் சக்கரங்களைச் செவ்வை செய்யும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

பலர் முதற்கண் டை ராடைத் திருகத் தொடங்குவர். இது முறையன்று. என்னை? கிங் பின் ஆடுமாயின் எவ்வளவும் நில்லாது. சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, மேலுங் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க. பிரேக்கை மிதித்தபோது ஆட்டம் நின்றால் குறை பேரிங்கினது. நில்லாதாயின் கிங் பின்னினது.

அடுத்தது காஸ்டர், அஃதாவது கிங் பின்னின் தலை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருத்தல். வில்பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் வைக்கும் ஆப்புத் தகடு அச்சாய்வைத் தரும். அதனை முன்பின் மாற்றிப் பூட்டினால், வளைவில் திரும்பிய சக்கரம் தானே நேருக்கு மீளாது. வண்டி சாலையில் அலையும். கேம்பர் என்னும் பக்கச் சாய்வோ இவ்வகை லாரிகளில் அச்சோடமைந்தது. அது பிறழ்ந்திருப்பின், கிங் பின்னிற் குறையில்லாவிடத்து, அச்சே வளைந்ததென்க. வளைந்த அச்சை நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துவோர் உளர். காய்ச்சிய எஃகு உரங் குன்றுமாதலின் அது பெருந் தீங்கு.

இவை செவ்வையானபின்னரே டோ இன் பார்த்தல் தகும். சமதரையில் வண்டியைச் சிறிது முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, இரு டயர்களின் முன்விளிம்பிலும் அச்சுமட்டத்திற் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு இடைத்தொலைவை அளக்க. பின் சக்கரம் அரைச்சுற்றுச் சுழலத் தள்ளி, பின்புறம் வந்த அக்குறிகளையே மீண்டும் அளக்க. வெவ்வேறிடத்தை அளப்பின் டிஸ்க்கின் கோணலும் கணக்கிற் புகுந்துவிடும். முன்னளவு சில மில்லிமீட்டரே குறைந்திருத்தல் வேண்டும்; வண்டி செய்தோர் நூலிற் கண்ட அளவே கொள்ளத்தக்கது.

இச்சிறு அளவு பிழைத்தால் என்னாம்? 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரங்களில் 10 மில்லிமீட்டர் மிகுமாயின், 1 கிலோமீட்டருக்கு இரு டயர்களுஞ் சேர்ந்து 10 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். வேலூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு நடைக்கே 400 மீட்டர் தேய்ப்பு! அத்தகைய டயரைக் குறுக்கே தடவினால் ஒருபாற் செல்கையில் வழவழப்பும், மறுபாற் செல்கையில் அரம்போன்ற கூர்மையுந் தோன்றும்.

டை ராடு அச்சுக்குப் பின்னமைந்த லாரியில் அதனை நீட்டினால் சக்கரங்களின் முன்பக்கம் நெருங்கும். ஸ்டியரிங் வட்டம் கோணி நிற்பின் அதனைத் திருத்துமிடம் டிராக் லிங்க், டை ராடன்று. சில நாள் பாரமேற்றி ஓடியபின் புதிய வில்பட்டைகள் படியும். யூ போல்டுகளை மறுபடி இறுக்கி, அளவையும் மறுபடி பார்க்க.