பின்வரிசை தந்த கல்வி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளிதோறும் தேர்ந்த இசை மாணவர்களை வார இறுதியில் ஒருங்கு கூட்டி, 'ஆனர் பேண்டு' எனப்படும் சிறப்பு இசைக்குழு அமைப்பதைக் காண்கிறோம். கிளாரினெட், டிரம்பெட் முதலிய காற்றுக் கருவிகளும் முரசுகளும் இதில் இடம்பெறும். வெளியிலிருந்து வரும் இசை நெறியாளர், முன்பின் அறியாத இளைஞர்களை ஓரிரு நாளில் ஒன்றுபட இசைக்கப் பழக்கி மேடையேற்றுகிறார். தம் பள்ளியில் முதலிருக்கை பெற்றவர் இங்கே பின்னிருக்கையில் அமர நேரிடலாம்.

இக்குறுகிய பயிற்சியால் விளையும் பயன் யாது? இதனையொத்த கோடை இசை முகாமொன்று மிச்சிகன் மாநிலத்து இன்டர்லாக்கனில் 1928-இல் தொடங்கப்பெற்றது. 1931-இல் அங்கு விருந்து நெறியாளராக வந்தார், அணிநடை இசையில் புகழ்பெற்ற ஜான் பிலிப் சூசா. அகவை எழுபத்தாறு கொண்ட அம்முதியவரின் கோலசைவுக்குப் பெருமுரசு முழக்கிய மாணவர் பிரெடரிக் பென்னல். மறு ஆண்டே சூசா மறைந்தார். பென்னலோ 1952-இல் ராசெஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் காற்றிசைக் குழுவை நிறுவினார். பின்னர்த் தாமும் விருந்து நெறியாளராய் இளைஞர் குழுக்கள் பலவற்றை நடத்தினார்.

பெருமுரசுக்குரிய இடம் பின்வரிசையே. முன்னுள்ளோர் அனைவரின் இசைக்கும் செவிகொடுத்தாலன்றி அங்கிருந்து ஓரடியும் முழக்கவியலாது. பின்னிருக்கை வாய்த்ததென வருந்தும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.