கிருமியை வெளியே அழிப்போம், மருந்தை உள்ளே காப்போம்



தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், மருந்துக் கடையில் நின்று "ஆன்டிபயாட்டிக் ரெண்டு கொடுங்க" என்று கேட்கிறோம். ஆனால் ஒரு நாளில் எத்தனையோ பேர் தொடும் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை யாரும் துடைப்பதில்லை. கிருமியை எங்கே, எப்படி அழிக்க வேண்டும் என்பதை இன்று தெளிவாகப் புரிந்துகொள்வோம்.

கையில் இருக்கும் கிருமி

"தொழுகைக்குத்தான் உளூச் செய்கிறோமே, சோப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். உளூ ஒரு வணக்கம். கழிப்பறைக்குச் சென்ற கையின் அழுக்கை நீக்குவது அதற்கு முந்திய கடமை. நபி (ஸல்) அவர்கள் குளிக்கும்போது மர்ம உறுப்பைக் கழுவிய பிறகு, கையை மண்ணில் தேய்த்துக் கழுவினார்கள் என்று அன்னை மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தண்ணீரோடு தேய்ப்பதற்கு ஒரு பொருளும் தேவை என்பது இதில் தெரிகிறது. இன்று அந்த இடத்தில் சோப்பு இருக்கிறது.

தோலின் எண்ணெய்ப் பசையில்தான் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பு அந்தப் பசையைப் பிரித்துவிடுகிறது, ஓடும் தண்ணீர் அதைக் கிருமியோடு கொண்டுபோகிறது. இதற்குக் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தால் சானிடைசர் போதாது, சோப்புதான் வேண்டும்.

இது சாதாரண விஷயமல்ல. 1847ஆம் ஆண்டு வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த அந்தப் பிரிவில், ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. கிருமி என்றால் என்னவென்று மருத்துவ உலகம் சரியாக அறியாத காலம் அது!

தரையிலும் கைப்பிடியிலும்

அழுக்கின் மேல் மருந்தை ஊற்றினால் பயனில்லை. முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 5 சதவீதம் செறிவுள்ள திரவ ப்ளீச்சில் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விட வேண்டும். ஊற்றியவுடன் கழுவிவிட்டால் கிருமி சாகாது. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். பள்ளிவாசலைச் சுத்தம் செய்பவரிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

சமையலில்

கொதிக்கும் சூடு பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். குடிநீர் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் சோற்றில் இருக்கும் சில கிருமிகளின் விதை போன்ற வடிவம் கொதித்தாலும் சாகாது. ஆறிய பிறகு அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நோன்புக் கஞ்சிக்கும் இது பொருந்தும். கஞ்சியை ஆற விடாமல் நல்ல சூட்டிலேயே வைத்து விநியோகியுங்கள். மிஞ்சியதை இரவு முழுக்க வெளியே வைத்து ஸஹருக்குக் கொடுக்காதீர்கள்.

உடலுக்குள்

இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். நம் உடலின் உயிரணுக்களுக்கு ஏறக்குறைய சமமான எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் நமக்குள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. குடலில் இருப்பவை வைட்டமின் கே போன்றவற்றை உண்டாக்கித் தருகின்றன. ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்க்காமல் தாக்கும். சளி, ஃப்ளூ போன்றவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது.

இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. மருந்தைத் தேவையில்லாமலோ அரைகுறையாகவோ சாப்பிடும்போது, பலவீனமான கிருமிகள் செத்து, மருந்தைத் தாங்கியவை மட்டும் பெருகுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945லேயே இதை எச்சரித்தார். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

காசநோயைப் பாருங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துபவரிடம் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகலாம். அவர் இருமும்போது அதே கிருமி மனைவிக்கும் பிள்ளைக்கும் போகும். அவர்களுக்கு முதல் நாளிலேயே சாதாரண மருந்து வேலை செய்யாது.

எனவே இது உங்கள் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, ஹக்குல் இபாத், பிற மனிதர்களின் உரிமை. பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் கிருமி பரவும்போது, அறுவை சிகிச்சைப் புண்ணில் சீழ் வைக்கும்போது, வேலை செய்ய ஒரு மருந்து மிச்சம் இருக்க வேண்டும். அந்த மருந்து நம் எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

2. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பது உதவியல்ல.

4. காய்ச்சல் நீடித்தாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. உங்கள் பள்ளிவாசல் கழிப்பறை அருகில் இன்று சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கி வையுங்கள். சிறிய செலவு, பெரிய ஸதகா.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், பிறருக்குத் தீங்கு செய்யாத வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.