வெண்புள்ளி: சொல்லும் நோயும்

‘குட்டம்’ என்பது தொழுநோயின் பழம்பெயர். தோலில் நிறமிழந்து தோன்றும் புள்ளிகளையும் ‘வெண்குட்டம்’ என்றழைத்ததால் நேர்ந்த துயர் பெரிது. இவ்வொரு சொல்லால் தடைபட்ட மணவினைகள் பல.

மருத்துவ ஆய்வு இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றது. தொழுநோய், 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த நுண்ணுயிரியால் விளைவது. அதன் தேமலைப் பஞ்சிழையால் வருடினால், பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். செங்கல்பட்டில் 1955 முதல் இந்நோய்க்கெனவே மத்திய ஆய்வு நிறுவனம் இயங்குகின்றது. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு வகுத்த கூட்டு மருந்து முறையால் இந்நோய் குணமாகும்.

வெண்புள்ளியோ, தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் அழிவதால் தோன்றுவது. அங்கே உணர்ச்சி குறையாது. அது எவருக்கும் தொற்றாது.

ஆதலின், தோலில் மாற்றம் கண்டவுடன் மருத்துவரை நாடுக. ‘வெண்புள்ளி’ என்றே எழுதுவோம், அவ்வாறே சொல்லுவோம். பிறர் மனத்தைப் புண்படுத்தும் சொல்லை விலக்குதல் தமிழ் பயில்வோர் கடன்.