மரை தேய்ந்த துளைக்குப் புது மரை



அண்மையில் ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலைக்குச் சென்றிருந்தோம். தாள் உருட்டும் இயந்திரத்தின் பற்சக்கரங்களை மூடியிருந்த காப்புத் தகட்டின் ஒரு மூலை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. காரணம் வினவினோம். “மரை தேய்ந்துவிட்டது ஐயா, திருகாணி பிடிக்கவில்லை” என்றார் அங்கிருந்த தொழிலாளி ஒருவர். கம்பி என்றாவது ஒருநாள் தளரும்; தகடு விலகும். சுழலும் பற்சக்கரம் துணியென்றும் விரலென்றும் பேதம் பாராது. ஆதலின், தேய்ந்த துளையில் புது மரை இடும் முறையை இவ்விதழில் பாடமாகத் தருகின்றோம்.

முதலில் மரை என்பது யாதெனக் காண்போம். திருகாணியின் மேல் சுற்றிச் செல்லும் வரம்பே மரை. ஒரு வரம்பிலிருந்து அடுத்த வரம்பு வரையுள்ள தூரத்தை மரையிடை என்போம். 6 மி.மீ. திருகாணிக்கு வழக்கமான மரையிடை 1 மி.மீ.; 8 மி.மீ. திருகாணிக்கு 1.25 மி.மீ. துளையின் உட்சுவரில் இவ்வரம்புகளை வெட்டும் எஃகுக் கருவியைப் பட்டறையில் ‘டேப்’ என்பர்.

இனித் துளையின் அளவு. 8 மி.மீ. திருகாணிக்கு 8 மி.மீ. துளையிட்டால், மரை வெட்டுவதற்கு உலோகமே எஞ்சாது. மிகச் சிறிய துளையிட்டாலோ டேப் இறுகி முறிந்துவிடும். ஆகவே, திருகாணியின் அளவிலிருந்து மரையிடையைக் கழித்துத் துளையின் அளவைக் கண்டறிக. 6 மி.மீ. திருகாணிக்கு 6 கழித்தல் 1, அதாவது 5 மி.மீ. 8 மி.மீ. திருகாணிக்கு 8 கழித்தல் 1.25, அதாவது 6.75, கடையில் கிடைப்பது 6.8 மி.மீ. அலகு. இக்கணக்கே இப்பாடத்தின் உயிர்நாடி.

நாம் கண்ட இயந்திரத்தில் தேய்ந்திருந்தது 6 மி.மீ. மரை. சட்டமோ 12 மி.மீ. கனமுள்ள எஃகு, துளை மறுபுறம் வரை செல்வது. தேய்ந்த துளையை 6.8 மி.மீ. அளவிற்குப் பெரிதாக்கி, 8 மி.மீ. மரை இட்டால் குறை தீரும். எஃகில் திருகாணியின் பருமன் அளவிற்கேனும் மரை ஆழம் வேண்டும். இங்கு 12 மி.மீ. இருப்பதால் பிடிப்புக்குக் குறைவில்லை.

வேலை தொடங்குமுன் பொறுப்பாளரிடம் தெரிவித்து அனுமதி பெறுக. மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்க. துளைக்குப் பின்னால் கம்பியோ அச்சோ உள்ளதா எனப் பார்க்க. கண்ணாடி அணிக. துளையிடும்போது கையுறையும் தொங்கும் ஆடையும் ஆகா. சுழலும் அலகு அவற்றைப் பற்றிக் கையையும் இழுத்துக்கொள்ளும்.

பழைய துளையைப் பெரிதாக்கும்போது அலகு திடீரென உலோகத்தைக் கவ்வும். எனவே துளையிடும் இயந்திரத்தை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, நேராக இறக்குக. புதிய இடத்தில் துளையிடுவதாயின், முதலில் சென்டர் பஞ்சால் ஒரு குழி இடுக. இல்லையேல் அலகு வழுக்கி இடம் மாறிவிடும். தனியே கிடக்கும் சிறு பொருளைக் கையில் பிடித்துத் துளையிடுதல் தகாது. அதனை இடுக்கியில் இறுக்குக.

அடுத்து மரை வெட்டுதல். டேப்கள் மூன்றாக ஒரே கட்டில் வரும். முதலாவதன் நுனி நன்கு சரிந்திருக்கும். அதுவே தொடங்குவதற்கு ஏற்றது. மறுபுறம் வரை செல்லும் துளைக்கு அஃதொன்றே பெரும்பாலும் போதும். அடிமூடிய துளைக்கு மூன்றையும் வரிசைப்படி இறக்குதல் வேண்டும்.

டேப்பைப் பிடியில் மாட்டி, எண்ணெய் தடவி, வலப்புறமாகத் திருப்புக. இரண்டு சுற்று இறங்கியதும் பிடியைக் கழற்றி, டேப் செங்குத்தாக நிற்கிறதா என மூலைமட்டத்தை இரு பக்கமும் வைத்துப் பார்க்க. சாய்வைத் திருத்த அதுவே தக்க தருணம். பின்னர் அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே எனத் தொடர்க. பின்னே திருப்புவதால் உலோகச் சீவல் உடைந்து விழும். சீவல் அடைத்தால் டேப் முறியும். முறிந்த டேப் மிகக் கடினமான எஃகாதலால் சாதாரண அலகால் அதைத் துளைத்தெடுக்க இயலாது. வார்ப்பிரும்பாயின் எண்ணெய் தேவையில்லை.

பால் மரம் சீவும் தோழர்களுக்கு இப்பொறுமை புதிதன்று. உளி ஆழ்ந்தால் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் காயப்படும். மேலோடு போனால் பால் குறையும். எங்கே நிறுத்துவதென்பதைக் கையே உணர்கின்றது. டேப் இறுகும்போதும் அக்கை உணரும். அப்போது பலத்தைக் கூட்டாது, பின்னே திருப்புக.

மரை வெட்டியபின் சீவல்களைத் தூரிகையால் அகற்றுக. விரலாலோ வாயால் ஊதியோ அன்று. காப்புத் தகட்டின் துளையை 9 மி.மீ. ஆக்குக, தகட்டில் மரை தேவையில்லை, திருகாணி தடையின்றி நுழைந்தால் போதும். முதலில் கையால் திருகி, பின் சாவியால் இறுக்குக. தகடு அசையாது நின்ற பின்னரே சுவிட்சைத் திறக்கலாம்.

இறுதியாக ஒரு வினா: 10 மி.மீ. திருகாணியின் மரையிடை 1.5 மி.மீ. எனில், துளை எவ்வளவு? 8.5 மி.மீ. என்று விடை கண்டவர்கள் இப்பாடத்தைக் கற்றுவிட்டார்கள். அவர்கள் இதனைத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவார்களாக. கம்பி கட்டிய காப்புத் தகடு எந்த ஆலையிலும் இராதொழிக.